சொந்தப் பயணம்: இல்லை

என் அக்கா வீட்டுக்காரர் திருடர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். திருடராக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. என் அக்கா நாலு இடம் பார்த்திருப்பாள்.

பல் டாக்டர்கள் நோயாளியைச் சாய்த்துப் போட்டு வாயைத் திறக்கச் சொல்வார்களே, அந்த நாற்காலியை விற்பதுதான் அத்தானுக்கு வேலை. விற்றதோடு விட்டுவிட முடியாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா, தலைக்கு மேல் விளக்கு எரிகிறதா, வாய் கொப்பளிக்கிற தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்கவும் வேண்டும். அதற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு கார் கொடுத்திருந்தது. தெருவில் அவருக்குப் பெயர் நாற்காலிக்காரர். நான் அந்த வீட்டு மாடியில் குடியிருக்கும் பைக் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கையால் சாப்பாடு, அத்தானோடு வாய்ச்சண்டை, இப்படியே காலம் ஓடிவிட்டது.

கார் கம்பெனியுடையது. பெட்ரோல் யாருடையது என்பதில்தான் வந்தது வினை. விதி என்னவோ எளிமையானதுதான். பெட்ரோலை முதலில் உங்கள் காசில் போட்டுக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் ஒரு தாளில், எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தால், வாடிக்கையாளரைப் பார்க்கப் போன தூரத்துக்கு மட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று திருப்பித் தருவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு கடைக்குப் போனால் அது சொந்தப் பயணம். தாராளமாகப் போகலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. செலவு உங்களுடையது, அவ்வளவுதான். தாளில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வருவதும் அந்தக் கட்டத்தில்தான் வரும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். மேனேஜர் வீட்டு அம்மா முடி வெட்டிக்கொள்ளப் போனால் அது வாடிக்கையாளர் சந்திப்பு. இன்னொருவர் குடும்பத்தோடு மலைக்குப் போய்க் கும்மாளம் போட்டுவிட்டு வந்து, உலகத்திலேயே இல்லாத ஒரு பல் டாக்டரின் பெயரை எழுதிப் பணம் வாங்கினார். அந்த டாக்டரிடம் நாற்காலி அடிக்கடி ரிப்பேர் ஆகும், குறிப்பாக வெயில் காலத்தில். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் எழுதினார்கள், எல்லாரும் வாங்கினார்கள், எல்லாருடைய பிள்ளைகளும் மலையைப் பார்த்தார்கள்.

அத்தான் மட்டும் எழுத மாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சிநேகிதர் வீட்டில் டீ குடிக்கலாம் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். அந்தத் தூரத்தையும் யோசிக்காமல் தாளில் சேர்த்துவிட்டார். கணக்குப் பிரிவு ஆபீசர் அவரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தி, "நீங்க டீ குடிக்கிறதுக்கும் கம்பெனிதான் பெட்ரோல் போடணுமா தம்பி?" என்று கேட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி அவளுக்கு அப்போது சில மாதங்கள்தான்.

அதோடு விட்டிருந்தால் காயம் ஆறியிருக்கும். அடுத்த வருடக் கடைசிக் கூட்டத்தில் அதே ஆபீசர் அத்தானின் தாள்களைத் தூக்கிக் காட்டினார். "இவரைப் பாருங்கய்யா. சொந்தப் பயணம்ங்கிற கட்டத்துல வருஷம் பூரா 'இல்லை', 'இல்லை'ன்னே எழுதியிருக்காரு. இப்படி இருக்கணும்." கைதட்டினார்கள். ஒரு பேனா கொடுத்தார்கள். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவமானப்படுத்தியதில்கூட அவர் பிழைத்துக்கொண்டிருப்பார், பாராட்டியதில்தான் மனிதர் கெட்டுப்போனார். அன்றிலிருந்து அந்த 'இல்லை'யைக் காப்பாற்றுவதே அவருக்கு வாழ்க்கை.

ஆனால் குடும்பம் என்று இருந்தால் நாலு இடத்துக்குப் போகத்தானே வேண்டும்? பொய் எழுதவும் மனம் வராது, கட்டத்தில் எண் விழவும் கூடாது. அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் போக வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பல் டாக்டரைக் கண்டுபிடித்தார். வண்டியை அங்கே நிறுத்தி, உள்ளே போய், நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார். சத்தியமான வாடிக்கையாளர் சந்திப்பு. வண்டியில் நாங்கள் உட்கார்ந்திருந்தது தற்செயல்.

கடற்கரைக்குப் போவோம். கடற்கரைச் சாலையில் ஒரு கிளினிக் இருக்கும். "அஞ்சே நிமிஷம்" என்பார். அக்காவும் குழந்தையும் வண்டிக்குள். கடல் காற்று வருகிற அளவுக்கு ஜன்னலை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் இருட்டிவிடும். அக்கா அந்தக் காரிலேயே வெங்காயம் உரித்திருக்கிறாள், கீரை ஆய்ந்திருக்கிறாள், மகளுக்குத் தலை பின்னியிருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பல் ஆஸ்பத்திரி வாசலில் நிழல் விழும், எதில் விழாது என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். ஒரு துக்க வீட்டுக்குப் போன இடத்திலும் தெருமுனையில் ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த அக்கா, "உள்ள போங்க, நான் அழுது முடிக்கிறதுக்குள்ள வந்துடுங்க" என்றாள்.

ஆபீஸுக்குப் போகும் வழியிலும் ஒரு டாக்டர் மாட்டிக்கொண்டார், பாவம். தினம் காலையில் அவர் கதவைத் திறக்கும்போது அத்தான் வாசலில் நிற்பார். "நாற்காலி நல்லா இருக்கு சார். நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதர் கிளினிக்கையே வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார். அத்தானுக்கு ரொம்ப வருத்தம்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கடை போட முதல் போட்டவரே அவர்தான். திருப்பிக் கேட்டதே இல்லை. அக்காவுக்கு எது வேண்டுமென்றாலும் வாங்கித் தருவார், வீட்டுக்கே கொண்டுவந்து. அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு மட்டும் போக மாட்டார்.

மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, அக்கா பெரிய மைதானம் வைத்த பள்ளியைச் சொன்னாள். அத்தான் இன்னொன்றைச் சொன்னார். அந்தப் பள்ளியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எதிரே இரண்டு நாற்காலி போட்ட கிளினிக் ஒன்று இருந்தது. "டாக்டரைப் பாக்கப் போறேன், ஏறிக்கோம்மா" என்று தினம் காலையில் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெண் பத்து வருடம் வழியில் ஏற்றிக்கொண்ட ஆளாகத்தான் படிக்கப் போனாள். ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து, "மாமா, எனக்கு நடந்து போகணும் போல இருக்கு" என்றாள். பத்து வயது இருக்கும். நான் சிரித்தேன். 

பெண் வளர்ந்தாள், படித்தாள், தானே ஒருவரைப் பார்த்து முடிவும் செய்தாள். மாப்பிள்ளை அணைக்கட்டு ஆபீசில் வேலை. மலைக்கு நடுவே அணை, அதைச் சுற்றிக் கொஞ்சம் குடியிருப்பு, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நாலு கடை. நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். அத்தான் அவனிடம் சம்பளம் கேட்கவில்லை, குடும்பம் கேட்கவில்லை. எல்லாரும் டீ குடித்து முடித்த பிறகு மெதுவாக, "அந்த ஊர்ல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பல் வலின்னா கீழ டவுனுக்குத்தான் இறங்கணும்."

அத்தான் முகம் தொங்கிவிட்டது. நான் மகளைப் பார்த்தேன். அவள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. வேண்டுமென்றே தேடிப் பிடித்திருப்பாளோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

கல்யாணமாகிப் போன மகளை அதன்பிறகு அத்தான் அவள் வீட்டில் போய்ப் பார்க்கவே இல்லை. அவள்தான் வந்து போவாள். அவள் உண்டானாள். கொஞ்ச நாளில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பிரசவத்துக்கு நான் அவ பக்கத்துல இருக்கணும்" என்பது ஒன்றுதான் அவளுக்குப் பேச்சு. வேறெதுவும் அவள் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் அவரிடம் அழுத்திக் கேட்டது அது ஒன்றைத்தான்.

"போவோம்" என்றார் அத்தான். "ஏற்பாடு பண்றேன்."

நான்கூட நம்பிவிட்டேன். மனிதர் வண்டியை சர்வீசுக்கு விடுவார், ரெண்டு நாள் லீவு சொல்லுவார் என்று பார்த்தால், அவர் செய்த ஏற்பாடே வேறு. பல் மருத்துவம் படித்து முடித்து எங்கேயோ உதவி டாக்டராக இருந்த ஒரு பெண்ணைப் பிடித்தார். வாரக்கணக்கில் அவளுக்குப் போன் செய்தார்.

"அந்த ஊர்ல ஜனம் இருக்கா சார்?" என்று அந்த டாக்டரம்மா கேட்டாளாம்.

"ஜனம் இருக்கு, பல்லும் இருக்கு. டாக்டர்தான் இல்ல" என்றாராம் இவர்.

மகளைப் பார்க்க ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த ஊரில் பல் ஆஸ்பத்திரியையே உண்டாக்கிய தகப்பனை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? போனிலேயே கடை பிடித்தார். மாப்பிள்ளையை அனுப்பி அளவெடுத்தார். டாக்டரம்மாவிடம் கையில் காசில்லை என்றதும் கடைக்கு முன்பணத்தைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தில் அணைக்கட்டுக்கு ஐம்பது தடவை போய் வரலாம். கத்தினேன். "உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா அத்தான்? பெட்ரோல் காசு எவ்வளவு, நீங்க குடுத்தது எவ்வளவு?"

"காசா முக்கியம் மச்சான்?" என்றார். தலையில் அடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டேன்.

கடைசியில் ஆர்டர் வந்துவிட்டது. வியாழக்கிழமை நாற்காலி வேனில் போகும், அதைப் பொருத்திக் கொடுக்க அத்தான் காரில் போவார், கூடவே அக்காவும் நானும். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அத்தான் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுப் பெரிய சாமர்த்தியம் செய்தவர் மாதிரி அக்காவைப் பார்த்தார். அக்கா பையைக் கட்டி வைத்து ஏற்கெனவே பல நாள் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் அப்போதுதான் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

அத்தான் எழுந்தார், நின்றார், காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கிழமைதானே ஆர்டர்" என்றார்.

"அவளுக்கு இன்னைக்கு வலி."

"புரியுது. மாப்பிள்ளை கூடத்தான் இருக்காரு. முதல் பிரசவம், லேசுல ஆயிடாது. நான் வேணா மேனேஜர்கிட்ட பேசி, நாற்காலியை நாளைக்கே அனுப்ப முடியுமான்னு..."

அவர் கெட்டவர் இல்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. நிஜமாகவே மேனேஜருக்குப் போன் போட்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவருடைய ஒரு கையில் போன், மறு கையில் கார் சாவி. அந்தச் சாவியைக் கதவில் போட்டுத் திருப்ப யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. விதியே போகலாம் என்கிறது. இருபத்தேழு வருடமாக 'இல்லை' என்று எழுதிய கை, அதுதான் அவரைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "தம்பி, என்னை பஸ் ஸ்டாண்டுல விடுறியா?" என்றாள் என்னிடம்.

நான் பைக்கை எடுத்தேன். அத்தான் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "பஸ் ஸ்டாண்டுக்கு வேணா நான் கார்ல கொண்டுவிடவா? அங்க பக்கத்துல நம்ம கிளினிக் ஒண்ணு இருக்கு" என்றார். சத்தியமாகச் சொன்னார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள்.  நானும் வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்டா, அவரு சாப்பிடாம இருப்பாரு, பாத்துக்க" என்றாள். என்ன பிறவியோ.

காரில் போயிருந்தால் நாலு மணி நேரம். பஸ் சுற்றிக்கொண்டு போய் அவளைக் கீழ் டவுனில் இறக்கியபோது அணைக்கட்டுக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேரன் பிறந்து துடைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் ராத்திரி முழுக்க "அம்மா வந்தாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதை விட்டுவிட்டாளாம். இதை எனக்குச் சொன்னது நர்ஸ்.

வியாழக்கிழமை அத்தான் புறப்பட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வேனுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு, வழி முழுக்க உற்சாகம். நானும் கூடப் போனேன். பேரனைப் பார்க்க எனக்கும் ஆசைதான், அதைவிட அத்தான் அங்கே என்ன கூத்து அடிக்கப் போகிறார் என்று பார்க்கிற ஆத்திரம். அவர் என்னை ஏமாற்றவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் நேரே கிளினிக். நாற்காலியை இறக்கி, போல்ட் முடுக்கி, ஏற்றி இறக்கி, விளக்கைப் போட்டு அணைத்து, டாக்டரம்மாவை உட்கார வைத்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். நான் வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடித்துவிட்டு வந்தவர் காரைக் கடந்து நடக்க ஆரம்பித்தார்.

"எங்க அத்தான் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. மேட்டுலதான், பக்கம்."

"கார்?"

"இங்கேயே இருக்கட்டும் மச்சான். கிளினிக் வரைக்கும்தான் கம்பெனிப் பயணம்."

அரை மணி நேரம் ஏறினோம். செங்குத்தான மேடு. ஐம்பத்தெட்டு வயதில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூச்சு வாங்க வாங்க ஏறினார். நான் அவரை ஏசிக்கொண்டே ஏறினேன். நடு வழியில் நின்று, "நீ பேசாம வா, மூச்சாவது மிச்சமாகும்" என்றார்.

மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"வாங்கப்பா" என்றாள் மகள். "ஆர்டர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. நல்லா ஏறி இறங்குது" என்றார் அத்தான், அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. பிறகு பையிலிருந்து எடுத்து அவள் கையில் ஒன்றைக் கொடுத்தார். கம்பெனி பெயர் போட்ட குழந்தை டூத் பிரஷ். பேரனுக்கு. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பேரனுக்கு. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினான். மகள் சிரிக்கவில்லை, அதைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். காலையிலிருந்தே அது சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கித் தூங்கி விழுந்தது. உடம்பில் மஞ்சள் காமாலை வேகமாக ஏறுகிறது, இங்கே அதற்கு வசதி இல்லை, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள்.

"கார் இருக்குல்லப்பா?" என்றாள் மகள்.

 "கிளினிக்ல இருக்கு" என்று நான்தான் சொன்னேன்.

அவர் ஓடினார். அந்த மேட்டில் அவர் ஓடியதைப் பார்த்து என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு செருப்பு கழன்று வழியில் கிடந்தது, எடுக்க நிற்கவில்லை. மகள் குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். உட்காரு என்றதற்கு உட்காரவில்லை. கார் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலிலேயே நிற்க வேண்டிய கார் அது. அக்கா அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.  எனக்கு அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது என்றால், பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அத்தான் வண்டியை மலையில் அப்படி இறக்கினார், குலுக்காமல், நிறுத்தாமல். டவுனுக்குள் நுழைந்ததும் வழியில் இரண்டு பல் கிளினிக் போர்டு. அவர் திரும்பியே பார்க்கவில்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இரண்டாவதைப் பார்த்தார். அது அவருடைய பழைய வாடிக்கையாளர். குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் படுக்க வைத்து, டாக்டர் பயமில்லை என்று சொன்ன பிறகும் அங்கே அவர் போகவில்லை. ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்து ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் மொத்தப் பயணமும் கம்பெனிக் கணக்கில் போயிருக்கும். "போகல, மச்சான்" என்று என்னிடம் ரகசியம் மாதிரி சொன்னார். அவருக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். அதை அவர் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் இருவரும் மறுபடி மலைக்குப் போய், அவர்கள் துணிமணியை எடுத்து வந்து கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தில் முதல் தடவையாக எண் விழுந்தது. கணக்கு ஆபீசர் பதறிப்போய் வீட்டுக்கே போன் செய்தார். அந்தப் பழைய ஆபீசர் ஓய்வுபெற்றுப் போயாயிற்று, இவர் வேறு ஆள். "சார், ஏதோ கை தவறி எழுதிட்டீங்க போல. நானே கம்பெனிப் பயணம்னு மாத்திடவா? எல்லாருக்கும் பண்றதுதானே."

"மாத்தாதீங்க. அது என் சொந்தப் பயணம்" என்றார் அத்தான். போனை வைத்துவிட்டு, நான் கேட்டேனா இல்லையா என்று பார்த்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பேச்சு. பேரனுக்காகச் சொந்தக் காசில் வண்டி ஓட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார், பெட்ரோல் போடுகிற ஆளிடம் சொன்னார், கடைக்கு வந்து என் வாடிக்கையாளர்களிடமும் சொன்னார். கடைசியில் மகளிடமும் போனில் சொன்னார். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி மேல எழுதலம்மா. அப்பா சொந்தக் கணக்குலதான் போட்டேன். உனக்காக."

 "எத்தனை கிலோமீட்டர்ப்பா?" என்று கேட்டாள் மகள்.

அத்தான் பூரித்துப்போனார். "டவுனுக்குப் போக வர நூத்திப் பன்னண்டும்மா."

"சரிப்பா" என்றாள்.

"பாத்தியா, விசாரிக்கிறா" என்றார் என்னிடம்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் இறங்கி வந்தேன். கையில் போன். மகள் பணம் அனுப்பியிருந்தாள். அனுப்பிய காரணம் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று போட்டிருந்தாள். அத்தான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். "கம்பெனி ரேட்டேதான் மச்சான். ஒரு காசு கூடக் குறையல" என்றார், பழக்கதோஷத்தில் முகத்தில் பெருமைகூட வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட இதை வாங்கிக்கச் சொல்றா" என்றார். 

நானும் பக்கத்தில் ஒரு படியில் உட்கார்ந்தேன்.

"திருப்பி அனுப்பணும். இப்பவே அனுப்பிடறேன்." கட்டைவிரலால் தேய்த்தார், எண்ணை அடித்தார், நின்றார். "எதுக்கு அனுப்புறோம்னு கேக்குது. என்னன்னு போடட்டும்?"

 அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பணம் இன்னும் அவர் கணக்கில்தான் கிடக்கிறது. அக்காவும் இன்னும் திரும்பி வரவில்லை.